ஒரிஜினல் பழைய செடான் விற்பனைக்கு வந்தால் எப்படிப் பார்த்து எடைபோடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1950-களிலும் 60-களின் முதல் பாதியிலும் வந்த நாலு கதவு கார் ஒன்று விற்பனைக்கு இருக்கிறது, போய்ப் பார்க்கலாமா, என்ன கேட்கலாம் என்று என்னிடம் விசாரிப்பவர்களுக்கு வருவது ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான். அவற்றை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். மெக்கானிக் வேலை தெரியாதவரும் பின்தொடரலாம். போகப் போகக் கொஞ்சம் சிக்கலான கேள்விகள் வரும்.

"ஒரிஜினல் கண்டிஷன்" என்று போட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் என்ன?

விற்பவர்கள் இந்த ஒரு சொல்லை நாலு விதமாகச் சொல்கிறார்கள். தொழிற்சாலையில் அடித்த பெயின்ட், தைத்த சீட், பூட்டிய எஞ்சின் எல்லாம் அப்படியே இருக்கிறது என்பது ஒன்று. எஞ்சின் மட்டும் பழசு, மற்றதெல்லாம் மாறிவிட்டது என்பது இன்னொன்று. வேறு எஞ்சின், அலாய் வீல் மாதிரி எதையும் ஏற்றவில்லை என்பது மூன்றாவது. முழுக்கப் பிரித்து, பழைய முறைப்படியே புதிதாகச் செய்தது நாலாவது. அது ரெஸ்டோர் செய்த கார், அதை அப்படித்தான் சொல்ல வேண்டும். நாலுமே நல்ல காராக இருக்கலாம், ஆனால் நாலும் ஒரே விலைக்குரியவை அல்ல. அதனால் போனிலேயே "ஒரிஜினலா?" என்று கேட்காதீர்கள், எல்லாரும் ஆமாம் என்பார்கள். "இதுவரை எதெல்லாம் மாற்றியிருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். உண்மையிலேயே காரைத் தெரிந்தவர் உடனே பட்டியல் போடுவார்.

பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா, குறைந்தது 30 வயதாகி, அந்தக் காலத்து நிலைக்குப் பொருந்தும்படி காப்பாற்றப்பட்ட வண்டியையே வரலாற்று வாகனம் என்கிறது. 2012-இல் அவர்கள் ஏற்றுக்கொண்ட டுரின் சாசனம், இருப்பதைக் காப்பதும் ரெஸ்டோர் செய்வதும் வேறு வேறு வேலைகள் என்று பிரித்தே சொல்கிறது. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள், பாதிக் கேள்விகள் இதற்குத்தான் திரும்பி வரும்.

போட்டோவில் பளபளவென்று இருக்கிறது. அவ்வளவு தூரம் நேரில் போகத்தான் வேண்டுமா?

போக வேண்டும். ஆனால் போவதற்கு முன் சரியான போட்டோக்களைக் கேட்டு வாங்கினால் பாதிப் பயணங்கள் மிச்சமாகும். காரின் அடிப்பக்கம், டிக்கியில் விரிப்பைத் தூக்கிய தரை, கதவைத் திறந்து கீழ் விளிம்பு, முன் சீட்டுக்குக் கீழே தரை, சேசிஸ் நம்பர் தகடு, டாஷ்போர்டின் அடி. இவற்றை எடுத்து அனுப்ப மறுப்பவர் பளபளப்பை மட்டும்தான் விற்கிறார்.

நேரில் போனதும் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் பானட்டின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே எஞ்சினை ஓடவிட்டிருக்கிறார்கள் என்று பொருள், காலையில் ஸ்டார்ட் ஆவதில் ஏதோ சங்கடம் இருக்கலாம். முன்கூட்டியே "ஆறின எஞ்சினாக இருக்கட்டும், நான் வந்த பிறகு ஸ்டார்ட் பண்ணலாம்" என்று சொல்லிவிடுங்கள்.

அப்புறம் எஞ்சினை மறந்துவிட்டு பாடியைப் பாருங்கள். கதவு, பானட், டிக்கி இவற்றைச் சுற்றியுள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா? கதவைப் பாதி திறந்து நுனியைப் பிடித்து மேலே தூக்குங்கள், கீல் தேய்ந்திருந்தால் கதவு ஆடும். பக்கவாட்டில் குனிந்து உட்கார்ந்து, டியூப்லைட் மாதிரி நேரான ஒரு பிம்பம் தகரத்தில் நெளியாமல் ஓடுகிறதா என்று கண்ணை ஓடவிடுங்கள். பாடிக்கு முதலிடம் தருவதற்குக் காரணம் இருக்கிறது. இந்தக் காலத்து எஞ்சின்கள் எளிமையானவை, ஒரு நல்ல மெக்கானிக் பிரித்துச் சரிசெய்துவிடுவார். துருப்பிடித்த பாடியை மீட்பது பல மாத டிங்கரிங் வேலை, அதன் செலவு காரின் விலையையே தாண்டிப் போகும்.

துரு எங்கே ஒளிந்திருக்கும்?

தண்ணீர் எங்கே போய்த் தேங்கும் என்று யோசித்தால் துரு எங்கே என்று தெரியும். ஜன்னல் கண்ணாடி வழியாக இறங்கும் மழைத்தண்ணீர் கதவுக்குள்ளேயே ஓடி அடியில் உள்ள சின்ன ஓட்டைகள் வழியாக வெளியேற வேண்டும். ஓட்டை அடைத்தால் கதவின் கீழ் விளிம்பு உள்ளிருந்து அரிக்கும். முன் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் காய்ந்து வெடித்தால் தண்ணீர் டாஷ்போர்டுக்குப் பின்னால் இறங்கி, விரிப்புக்கு அடியில் ஊறும். சக்கரம் வாரி இறைக்கும் சேறு மட்கார்டின் பின் முனையில் அப்பிக்கொண்டு காய்வதே இல்லை. ஹெட்லைட் குழியின் மேல் பகுதி, டிக்கியில் ஸ்பேர் டயர் உட்காரும் பள்ளம், பின் சக்கர வளைவின் உள் விளிம்பு, பேட்டரி தட்டு இவை எல்லாமே தேங்கும் இடங்கள்தான்.

ஒரு தடவை மெரூன் நிறத்தில் கண்ணாடி மாதிரி மின்னிய ஒரு காரைப் பார்க்கப் போனேன். டிக்கி விரிப்பைத் தூக்கினால் புத்தம் புதிய தார் ஷீட் ஒட்டியிருந்தது. அதன் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தியபோது அப்பளம் மாதிரி ஒரு சத்தம் வந்து விரல் உள்ளே போனது. தார் ஷீட்டுக்குக் கீழே தகரமே இல்லை, துருத் தூள்தான் இருந்தது. அன்றிலிருந்து புதிதாக அடித்த கறுப்பு அண்டர்கோட்டைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான் முதலில் வரும். பழைய கோட்டிங் காய்ந்து, தூசி படிந்து, அங்கங்கே உரிந்திருப்பதே நல்ல அறிகுறி.

இன்னொன்று, காரின் அமைப்பைத் தெரிந்துகொண்டு பாருங்கள். 1950-களின் செவ்ரோலெ பெல் ஏர் மாதிரி அமெரிக்க கார்களில் பெரும்பாலும் தனி சேசிஸ் (பாரம் தாங்கும் இரும்புச் சட்டம்) உண்டு, பாடி அதன் மேல் உட்கார்ந்திருக்கும். அங்கே பின் அச்சுக்கு மேலே சேசிஸ் வளைந்து எழும் இடத்தையும், பாடியைப் பூட்டும் போல்ட் இடங்களையும் தட்டிப் பாருங்கள். 1948-இல் வந்த மோரிஸ் மைனர், 1953-இல் வந்த ஃபியட் 1100, அதே வருடம் வந்த மெர்சிடஸ் 180 இவற்றுக்குத் தனி சேசிஸ் கிடையாது, பாடியே பாரம் தாங்குகிறது. இவற்றில் கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டித் தகடு அரித்திருந்தால் காரின் முதுகெலும்பே போனது மாதிரி. இதற்கு ஒரு எளிய சோதனை: ஜாக்கி வைக்கும் இடத்தில் ஜாக்கி கொடுத்துப் பின்பக்கத்தைத் தூக்கி, அந்தப் பக்கக் கதவுகளைத் திறந்து மூடுங்கள். தரையில் சுலபமாக மூடிய கதவு இப்போது இறுகினால் பாடி வளைகிறது. ஜாக்கியே தகரத்துக்குள் புதைந்தால் அதற்கு மேல் சோதிக்க ஒன்றும் இல்லை.

காந்தம் வைத்துப் பார்த்தால் பட்டி தெரிந்துவிடும் என்கிறார்களே?

பெரும்பாலும் தெரியும். பட்டி என்பது பள்ளத்தை நிரப்பி மட்டம் செய்யப் பூசும் பசை. மெல்லிய துணியில் சுற்றிய சின்னக் காந்தத்தை வைத்து இழுத்துக்கொண்டே போங்கள்; பட்டி கனமாக இருக்கும் இடத்தில் பிடிப்பு விட்டுப்போகும். விரல் முட்டியால் தட்டினாலும் தகரம் "டண்" என்றும் பட்டி "தொப்" என்றும் பேசும். பெயின்ட் தடிமன் அளக்கும் கருவி இருந்தால் இன்னும் நல்லது. தொழிற்சாலைப் பெயின்ட் சுமார் 75 முதல் 150 மைக்ரான் இருக்கும், ஒரு பக்கக் கதவு 120 காட்டி மறுபக்கக் கதவு 600 காட்டினால் அங்கே ஏதோ நடந்திருக்கிறது.

ஆனால் இதில் ஒரு பொறி உண்டு, நல்ல கார்களையே இதனால் விட்டுவிட்டவர்களைத் தெரியும். அந்தக் காலத்தில் இரண்டு தகடுகள் சேரும் மூட்டை, முக்கியமாகக் கூரையும் பின்பக்கமும் சேரும் இடத்தை, தொழிற்சாலையிலேயே ஈயம் உருக்கி நிரப்பி ராவி மட்டம் செய்தார்கள். ஈயத்தில் காந்தம் ஒட்டாது. அதனால் பின் ஜன்னலுக்கு அடியில் இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில், ஒரே அகலத்தில் காந்தம் நழுவினால் அது பிறவியிலேயே இருப்பது. ஒரு பக்கம் மட்டும் நழுவினால்தான் கேள்வி கேட்க வேண்டும்.

பெயின்ட் முதல் பெயின்ட்தானா என்று எப்படிச் சொல்வது?

மறுபடி பெயின்ட் அடிப்பவர் கண்ணுக்குப் படும் இடத்தைத்தான் நன்றாக அடிப்பார். ஆகவே கண்ணுக்குப் படாத இடங்களுக்குப் போங்கள்: டாஷ்போர்டுக்கு அடியில், ஸ்பேர் டயருக்குப் பின்னால், கதவு ரப்பரைக் கொஞ்சம் விலக்கி அதன் கீழே. நிறம் ஒன்றாக இருக்கிறதா, ரப்பரின் மேலும் வயரின் மேலும் பெயின்ட் தூறல் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு எப்போதும் பிடித்த இடம் பின் சீட்டுக்கு அடிப்பகுதி. குஷனைத் தூக்கினால் வெயிலே படாத நிறம், தொழிற்சாலையில் சாக்பீஸில் எழுதிய குறி, ஐம்பது வருடத்துச் சில்லறை எல்லாம் அங்கே இருக்கும்.

வெல்டிங்கும் பேசும். தொழிற்சாலையில் போட்ட புள்ளி வெல்டிங் வட்டமான சின்னக் குழிகளாக, ஏறக்குறைய ஒரே இடைவெளியில் வரிசையாக இருக்கும். புழு ஊர்ந்த மாதிரி நீளமான வெல்டிங் தெரிந்தால் அந்தத் தகடு பிற்பாடு வந்தது. முன்பக்க விளிம்புகளில் பாலிஷ் போட்டுப் போட்டு பெயின்ட் தேய்ந்து பிரைமர் எட்டிப் பார்ப்பதைச் சிலர் குறை என்கிறார்கள். நான் அதை நல்ல செய்தியாகவே எடுத்துக்கொள்வேன், அத்தனை வருடத் தேய்ப்பைப் போலியாகச் செய்வது எளிதல்ல.

38,000 மைல்தான் ஓடியிருக்கிறது என்கிறார். நம்பலாமா?

அந்தக் காலத்து ஓடோமீட்டர்கள் பெரும்பாலும் ஐந்து இலக்கம்தான், 99,999-க்குப் பிறகு மறுபடி சுழியத்திலிருந்து தொடங்கும். எனவே 38,000 என்பது 1,38,000 ஆகவும் இருக்கலாம், விற்பவருக்கே அது தெரியாமலும் இருக்கலாம். எண்ணை விட்டுவிட்டுத் தேய்மானத்தைப் பாருங்கள். பிரேக், கிளட்ச் பெடல் ரப்பரின் வரிகள், ஓட்டுநர் சீட்டு ஸ்பிரிங் ஒரு பக்கம் அமுங்கியிருப்பது, ஸ்டியரிங்கில் கை படும் இடத்தின் வழவழப்பு, சாவிக்கொத்து ஆடி ஆடிச் சாவித் துளையைச் சுற்றி விழுந்த அரைவட்டக் கீறல்கள், கதவு பூட்டும் கொக்கியில் பதிந்த தடம். இவை எல்லாம் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். பெடல் ரப்பர் மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் பழையது எங்கே என்று கேளுங்கள். சர்வீஸ் ரசீதுகள், கதவு ஓரத்தில் ஒட்டிய ஆயில் மாற்றிய ஸ்டிக்கர் ஏதாவது கிடைத்தால் அவற்றில் உள்ள மைல் எண்ணும் தேதியும் ஓடோமீட்டரை விட மேலான சாட்சி.

எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் ஒத்துப்போகவில்லை. ஏமாற்று வேலையா?

அவசரப்பட்டு அப்படிச் சொல்லிவிடாதீர்கள். இன்று நாம் பார்க்கும் 17 எழுத்து அடையாள எண் அமெரிக்காவில் 1981 மாடல் ஆண்டில்தான் ஒரே வடிவத்துக்கு வந்தது; அதற்கு முன் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு எண் போட்டது. 1955 முதல் 57 வரை வந்த செவ்ரோலெவில் எஞ்சின் நம்பருக்கும் காரின் நம்பருக்கும் தொடர்பே கிடையாது. அங்கே "மேட்சிங் நம்பர்" (எஞ்சினும் காரும் முதலிலிருந்தே ஒரே ஜோடி) என்று ஒருவர் விற்றால் எதை வைத்துச் சொல்கிறார் என்று கேளுங்கள்.

அப்படிப்பட்ட கார்களில் தேதிகளை வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சின் வார்ப்பில் மாதத்துக்கு ஒரு எழுத்து, நாள், வருடத்தின் கடைசி எண் என்று புடைப்பாக இருக்கும். ஏ என்றால் ஜனவரி, எல் என்றால் டிசம்பர். ஆக "சி 14 5" என்றால் 1955 மார்ச் 14. வார்த்த தேதி கார் கட்டப்பட்ட தேதிக்குக் கொஞ்ச நாளுக்கு முன்னால் இருந்தால் பொருத்தம், பின்னால் இருந்தால் அந்த எஞ்சின் அந்தக் காரில் பிறக்கவில்லை. ஜன்னல் கண்ணாடிகளின் மூலையில் கம்பெனி முத்திரையோடு பல சமயம் தேதிக் குறியும் இருக்கும். எல்லாக் கண்ணாடியும் ஒரே முத்திரையில் இருந்து ஒன்று மட்டும் வேறாக இருந்தால் அந்தப் பக்கத்துக் கதவை இரண்டாம் முறை பாருங்கள்.

சில கம்பெனிகளின் பதிவேடு இன்றும் இருக்கிறது. மோரிஸ் போன்ற பல பிரிட்டிஷ் கார்களுக்கு பிரிட்டிஷ் மோட்டார் இண்டஸ்ட்ரி ஹெரிடேஜ் டிரஸ்ட் சான்றிதழ் தருகிறது, மெர்சிடஸ் காருக்கு டேட்டா கார்டு கிடைக்கும். கார் எந்த நிறத்தில், எந்த எஞ்சினோடு வெளியே வந்தது என்று அதைப் பார்த்து நம்பர் தகட்டோடு ஒப்பிடலாம். தகட்டின் ரிவெட் புதிதாகவோ, சுற்றிலும் வெல்டிங் தடயமோ இருந்தால் மேற்கொண்டு பேச்சை நிறுத்துங்கள்.

எஞ்சினைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. எப்படிச் சோதிப்பது?

கண்ணும் காதும் போதும். ஸ்டார்ட் செய்யும்போது ஒருவர் சைலன்சர் பின்னால் நிற்கட்டும். கொஞ்ச நேரம் ஐடிலில் ஓடிய பிறகு ஆக்சிலேட்டரை மிதித்தவுடன் நீலப் புகை குபுக்கென்று வந்து நின்றுவிட்டால் வால்வ் கைடு தேய்ந்திருக்கும். ஏற்றத்தில் இழுக்கும்போது தொடர்ந்து நீலப்புகை வந்தால் பிஸ்டன் ரிங். சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல், இனிப்பான வாசனையோடு வந்தால் கேஸ்கட் போய் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே எரிகிறது. ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் மோர் நிறத்தில் பசை இருந்தாலும் அதே சந்தேகம்தான், ஆனால் ரொம்ப நாள் ஓடாமல் நின்ற காரிலும் கொஞ்சம் ஈரப்பசை சேரும்.

வாங்கும் எண்ணம் உறுதியானால் ஒரு மெக்கானிக்கை வைத்து கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் உண்டாகும் அழுத்தம், அளக்கச் சொல்லுங்கள். எண் எவ்வளவு என்பதை விட சிலிண்டர்களுக்குள் வித்தியாசம்தான் முக்கியம். அதிகமானதற்கும் குறைந்ததற்கும் 10 முதல் 15 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. ஒன்று மட்டும் கீழே இருந்தால் அந்தச் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளப்பார், எண் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வ்.

ஆறு வோல்ட் கார் என்கிறார்கள். தொல்லையா?

இல்லை. செவ்ரோலெ 1955-இலும் ஃபோர்டு 1956-இலும்தான் பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாறின, அதற்கு முன் ஆறு வோல்ட்டிலேயே லட்சக்கணக்கான கார்கள் ஓடின. ஸ்டார்ட்டர் கொஞ்சம் நிதானமாகச் சுற்றும், அது இயல்பு. மிகவும் திணறினால் பேட்டரி கேபிளைப் பாருங்கள். ஆறு வோல்ட்டில் அதே வேலைக்கு இரண்டு மடங்கு கரண்ட் ஓட வேண்டும், அதனால் கேபிள் கட்டைவிரல் தடிமனில் இருக்க வேண்டும். யாரோ பன்னிரண்டு வோல்ட் காரின் ஒல்லிக் கேபிளைப் போட்டுவிட்டு, ஸ்டார்ட்டர் மோட்டாரைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

என் கவலை வோல்ட்டைப் பற்றியல்ல, வயரைப் பற்றி. அந்தக் காலத்து வயர்கள் பலவற்றின் மேல் துணிப் பின்னல் இருக்கும், உள்ளே ரப்பர். டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு வயரை மெதுவாக வளையுங்கள். ரப்பர் உதிர்ந்து கையில் தூளாக விழுந்தால் முழு வயரிங்கும் மாற்ற வேண்டும், மாற்றும் வரை காரை நிறுத்தும்போது பேட்டரியைக் கழற்றி வைப்பது நல்லது. பல பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஓட்டிப் பார்த்தேன். ஸ்டியரிங் லூசாக இருக்கிறது, முதல் கியர் கரகரவென்கிறது, பிரேக் பிடிக்கவே இல்லை. வேண்டாமென்று வந்துவிடவா?

கியரிலிருந்து ஆரம்பிக்கிறேன். அந்தக் காலத்து கியர்பாக்ஸ்கள் பலவற்றில் முதல் கியருக்கு சின்க்ரோமெஷ் (பற்கள் சேருமுன் வேகத்தை ஒத்துப்போக வைக்கும் அமைப்பு) இல்லை, கார் நகர்ந்துகொண்டிருக்கும்போது அதைப் போட்டால் கரகரக்கத்தான் செய்யும். குறை எங்கே என்றால், வேகத்தில் ஆக்சிலேட்டரை விட்டவுடன் கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வருவதில்தான்.

பழைய ஸ்டியரிங் பெட்டியில் விளிம்பில் ஓர் அங்குலம் வரை வெறுமனே ஆடினால் பொறுத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் போனால் காரணம் தேட வேண்டும். முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் சக்கர பேரிங், நிற்காவிட்டால் கிங்பின், அதாவது முன் சக்கரம் இடமும் வலமும் திரும்பும் அச்சாணி. பேரிங்கை இறுக்கிவிடலாம், கிங்பின் புதிதாகப் போட வேண்டும்.

பிரேக்தான் விளையாட்டில்லாத விஷயம். பெரும்பாலானவை நாலு சக்கரத்திலும் டிரம், ஒரே ஒரு ஹைட்ராலிக் பாதை. ஒரு குழாய் வெடித்தால் நாலும் போகும். இரட்டைப் பாதை அமெரிக்க கார்களில் பொதுவானது 1967 மாடல் ஆண்டில்தான். ஓட்டுவதற்கு முன், நின்ற இடத்தில் பெடலை அழுத்தி ஒரு நிமிடம் அப்படியே வைத்திருங்கள். மெல்ல மெல்லத் தரைக்கு இறங்கினால் காரை நகர்த்தாதீர்கள். டிரம்மைக் கழற்றிக் காட்டினால் உள்ளே உள்ள தூசியை ஊதாதீர்கள், அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. டயரில் வரி எவ்வளவு இருக்கிறது என்பதோடு வயதையும் பாருங்கள். பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். மூன்றே இலக்கம் இருந்தால் 2000-க்கு முந்தைய டயர், அதில் நெடுஞ்சாலைக்குப் போகக் கூடாது.

இப்போதைய பெட்ரோலில் ஓடுமா?

ஓடும். இந்த எஞ்சின்கள் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டவை, அது வால்வ் சீட்டை, அதாவது வால்வ் மூடும்போது வந்து உட்காரும் வளையத்தை, தேயாமல் காத்தது. 2021-இல் அல்ஜீரியாவும் நிறுத்தியதோடு கார்களுக்கு ஈயப் பெட்ரோல் உலகெங்கும் முடிந்துபோனது. மெதுவாக ஓட்டுபவருக்கு உடனே ஒன்றும் ஆகாது, அடுத்து ஹெட் பிரிக்கும்போது கடினமான வால்வ் சீட் போட்டுக்கொண்டால் போதும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை அரிக்கும், அவற்றை மட்டும் முதல் நாளே மாற்றிவிடுங்கள்.

இருபது வருடம் ஷெட்டில் நின்ற கார். "பேட்டரி மட்டும் போட்டால் இப்போதே ஸ்டார்ட் ஆகும்" என்கிறார். முயற்சி செய்யலாமா?

தயவுசெய்து வேண்டாம். பிளக் துளை வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டு, ஒரு நாள் ஊறவிட்டு, எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். டாங்கில் இருப்பது பெட்ரோல் இல்லை, வார்னிஷ் மாதிரி நாறும் பசை. அதை உறிஞ்ச விட்டால் கார்புரேட்டரும் வால்வும் ஒட்டிக்கொள்ளும். அவர் உங்கள் முன்னால் ஸ்டார்ட் செய்து ரிங் உடைந்தால் அந்த உடைந்த எஞ்சினோடுதான் நீங்கள் பேரம் பேச வேண்டியிருக்கும். ஓடாத காரை ஓடாத காராகவே விலை பேசுங்கள்: எஞ்சின், பிரேக், டாங்க், ரேடியேட்டர் எல்லாம் வேலை உள்ளவை என்று வைத்துக்கொண்டு. 1955-இல் வந்த சிட்ரோயன் டிஎஸ் மாதிரி, சஸ்பென்ஷனே ஹைட்ராலிக்கில் ஓடும் காராக இருந்தால் இன்னும் கவனம். முந்தையவற்றுக்குச் சிவப்புத் திரவம், பிந்தையவற்றுக்குப் பச்சை. மாற்றி ஊற்றினால் எல்லா சீலும் போகும்.

"சின்னச் சின்ன அலங்காரப் பொருள்கள்தான் இல்லை, கிடைத்துவிடும்" என்கிறார்.

கிடைத்துவிடும் என்றால் அவரே வாங்கிப் போட்டிருப்பார். பிரேக் ஷூ, பேரிங், கேஸ்கட் இன்றும் வாங்கலாம். குறிப்பிட்ட ஒரு வருடத்துக்கு மட்டும் வந்த டெயில் லைட் வளையம், பானட் சின்னம், ரேடியோ குமிழ் இவைதான் வருடக்கணக்கில் தேட வைக்கும். இருக்கிற குரோமையும் தொட்டுப் பாருங்கள். ஸ்டெயின்லெஸ் பட்டை நசுங்கியிருந்தால் தட்டி பாலிஷ் செய்துவிடலாம். துத்தநாக வார்ப்பில் செய்த கைப்பிடியிலும் சின்னங்களிலும் கொப்புளம் வந்திருந்தால் அரிப்பு உள்ளே வரை இறங்கியிருக்கும். செம்பு, நிக்கல், குரோம் என்று மறுபடி முலாம் போடுவதற்கு முன் ஒவ்வொரு குழியையும் நிரப்ப வேண்டும், எல்லாரும் அதை எடுத்துச் செய்ய மாட்டார்கள்.

இரண்டு கதவு மாடலுக்குத்தான் மதிப்பு, செடானில் போட்ட பணம் திரும்பாது என்கிறார்களே?

விலையைப் பொறுத்தவரை பெரும்பாலும் உண்மை. ஒரே வருடத்து ஹார்ட்டாப்பும் (ஜன்னல்களுக்கு நடுவே தூண் இல்லாதது) கன்வர்ட்டிபிளும் (கூரையை மடக்கக்கூடியது) செடானை விடப் பல மடங்கு போகும், ஆனால் டிங்கரிங்குக்கும் முலாமுக்கும் சீட் தைப்பதற்கும் செடானுக்குக் குறைத்து வாங்குவதில்லை. அதனால்தான் செடானில் கணக்கு நேர்மாறு: வேலை நிறைய உள்ளதை மலிவாக வாங்காதீர்கள், வேலை குறைந்ததைக் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது வாங்குங்கள். பல செடான்கள் இரண்டு கதவு கார்களுக்கு உதிரிபாகமாகவே பிரிக்கப்பட்டுவிட்டன. குடும்பம் ஒன்று பத்திரமாக ஓட்டி, பெயின்ட் கூட மாற்றாமல் விட்ட நாலு கதவு கார் இன்று கிடைப்பதே அரிது, எனக்கு அதன் மேல்தான் கண்.

முதல் பெயின்ட்தான், ஆனால் மங்கிப்போயிருக்கிறது, சீட் ஓரத்தில் கிழிசல். வாங்கியதும் புதிதாக அடித்துவிடலாமா?

அவசரப்படாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்பேன். முதல் கேள்வியில் சொன்ன நாலு வகையில் முதல் வகை கையில் கிடைத்திருக்கிறது. புதிதாகப் பெயின்ட் அடித்த நிமிடமே அது நாலாவது வகைக்குப் போய்விடும், திரும்பி வர வழியில்லை. அந்த நிறம் எப்படி இருந்தது, தையல் எத்தனை இழை, சீட்டுக்குள் என்ன நார் வைத்தார்கள் என்று ரெஸ்டோர் செய்பவர்கள் தேடி வந்து பார்ப்பது இப்படிப்பட்ட கார்களைத்தான். முதலில் நன்றாகக் கழுவி, மென்மையான பாலிஷ் ஒரு சின்ன இடத்தில் போட்டுப் பாருங்கள், மங்கலுக்கு அடியில் நிறம் உயிரோடு இருப்பது பல சமயம் தெரியும். கிழிசலைத் தைக்கலாம், பழைய துணியைத் தூக்கிப் போட வேண்டாம். துரு ஓடும் இடத்தை மட்டும் உடனே நிறுத்துங்கள். பிரேக்கும் வயரும் டயரும் வேறு விஷயம், அங்கே பழமை பார்க்காமல் புதிது போடுங்கள். கழற்றிய பழைய பாகத்தை மட்டும் டப்பாவில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள்.

விற்பவர் பெரியவர், அப்பா வாங்கிய கார் என்கிறார், பேச்சில் பொய் இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் காகிதம் எதுவும் இல்லை. என்ன செய்வது?

அவரை நம்புங்கள், காரைத் தனியாக விசாரியுங்கள். குடும்பத்துக் கதைகள் அன்பினால் வளர்பவை. "பெயின்டே அடித்ததில்லை" என்பவர் தான் பள்ளியில் படித்த காலத்தில் அப்பா ஒரு பக்க மட்கார்டு மாற்றியதை அறியாமல் இருக்கலாம். காகிதம் இரண்டு வகை. உரிமையைக் காட்டும் பதிவு ஆவணம் இல்லையென்றால், அது எவ்வளவு நல்ல காராக இருந்தாலும், அவர் பெயருக்கு ஆவணம் வந்த பிறகுதான் பணம். வரலாற்றைக் காட்டும் காகிதம் இல்லையென்றால் தேடலாம்: குளோவ் பாக்ஸின் அட்டைக்குப் பின்னால், சீட்டுக்கு அடியில், வீட்டுப் பழைய ஆல்பத்தில்.

ஆல்பத்தைத்தான் நான் முதலில் கேட்பேன். கல்யாணம், கோடைப் பயணம் என்று காரின் முன் நின்று எடுத்த படம் ஏதாவது இருக்கும். கறுப்பு வெள்ளைப் படத்திலும் பக்கவாட்டுப் பட்டை, சக்கர மூடி, நம்பர் பலகை, கூரை வேறு நிறமா என்பது தெரியும். அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு காரைச் சுற்றி வாருங்கள். படத்தில் இருந்து காரில் இல்லாதது, காரில் இருந்து படத்தில் இல்லாதது என்று இரண்டு பட்டியல் எழுதி அவரிடமே காட்டுங்கள். மறந்துபோன பல விஷயங்கள் அப்போது அவருக்கே ஞாபகம் வரும், அவற்றையும் அவர் கையாலேயே எழுதி வாங்கி காரின் கோப்பில் வையுங்கள்.